பெயர் தெரியாத விடுதி, தெரிந்த வட்டாரம்: இணைய ஏலத்தில் நகரத்தின் நல்ல இடத்தில் அறை எடுக்கும் முறை

இணைய ஏலத்தில் விடுதி அறை கேட்பவர்களில் பெரும்பாலோர் விலையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எவ்வளவு குறைத்துக் கேட்கலாம் என்பதே அவர்களுடைய முதல் கேள்வியாக இருக்கிறது. என் கணக்கில் அது நான்காவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. இத்தகைய ஏலத்தில் விடுதியின் பெயர் பணம் கட்டி முடித்த பிறகுதான் வெளிப்படும். கட்டிய பணம் பொதுவாகத் திரும்பி வராது. ஆனால் அந்த விடுதி நகரத்தின் எந்த வட்டாரத்துக்குள் இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லும் உரிமை நமக்கு உண்டு. பெயரை விட்டுக்கொடுத்து விலையைக் குறைத்துக்கொள்ளும் இந்தப் பேரத்தில் நம் கையில் மிஞ்சுவது வட்டாரமும் நட்சத்திரத் தரமும் மட்டுமே. ஆகவே, நிலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு தொடங்குபவருக்குத்தான் நல்ல இடத்தில் அறை அமைகிறது. ஹோட்டல் என்ற சொல் நம் பேச்சில் சாப்பிடும் இடத்தையும் குறிக்கும் என்பதால், இக்கட்டுரை முழுவதும் தங்குமிடத்தை விடுதி என்றே குறிப்பிடுகிறேன்.

ஏலம் என்ற பெயரில் இருப்பவை

இந்த முறையைப் பரவலாக்கியது அமெரிக்காவில் ஜே வாக்கர் தொடங்கிய பிரைஸ்லைன் நிறுவனம். 1998ஆம் ஆண்டு அது விமானச் சீட்டுகளுடன் தன் சேவையைத் தொடங்கியது. வாங்குபவரே விலையைச் சொல்லும் அந்த முறைக்கு அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. பயணி நகரத்தையும் நாளையும் வட்டாரத்தையும் நட்சத்திரத் தரத்தையும் குறிப்பிட்டு, தான் தரக்கூடிய விலையைச் சொல்லி, கடன் அட்டை எண்ணையும் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். ஏதேனும் ஒரு விடுதி அந்த விலைக்கு இசைந்தால் அந்தக் கணமே பணம் எடுக்கப்படும். அதன் பிறகே பெயர் தெரியும். விமானச் சீட்டுகளுக்கான ஏலத்தை அந்நிறுவனம் 2016இல் நிறுத்தியது. விடுதிகளுக்கான ஏலமும் பின்னர் விடைபெற்றது.

அந்த இடத்தில் இன்று முக்கியமாக நிற்பது பெயர் மறைத்த விலை. பிரைஸ்லைனின் எக்ஸ்பிரஸ் டீல்ஸ், 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு இப்போது எக்ஸ்பீடியா குழுமத்தில் இருக்கும் ஹாட்வயரின் ஹாட் ரேட் ஆகியவை இந்த வகை. இங்கே விலையைத் தளமே சொல்லிவிடுகிறது. பெயர் மட்டும் மறைந்திருக்கும். பிரைஸ்லைனின் பிரைஸ்பிரேக்கர்ஸ் மூன்று விடுதிகளின் பெயரைக் காட்டி, அவற்றில் ஏதோ ஒன்று உங்களுக்குக் கிடைக்கும் என்கிறது. இவற்றைத் தவிர, பலர் போட்டியிட்டு விலையை ஏற்றும் உண்மையான ஏலத் தளங்களில் விடுதியின் தங்கல் சீட்டுகள், அதாவது பின்னர் ஒரு நாளில் காட்டி அறை எடுத்துக்கொள்ளும் சீட்டுகள், விற்கப்படுகின்றன. ஏற்கெனவே பதிவு செய்தவரிடம் பெரிய அறைக்குக் கூடுதலாக எவ்வளவு தருவீர்கள் என்று விடுதியே கேட்கும் சிறு ஏலமும் உண்டு. இடத்தைப் பொறுத்தவரை அதில் தீர்மானிக்க ஒன்றுமில்லை என்பதால் அதை இத்துடன் விட்டுவிடலாம்.

விடுதிகள் ஏன் இதற்கு உடன்படுகின்றன என்பது விளங்கினால் பாதி உத்தி தானாகவே பிடிபட்டுவிடும். இன்றிரவு விற்காமல் போன அறையை நாளை எடுத்து விற்க முடியாது. ஆனால் விலையை வெளிப்படையாகக் குறைத்தால், முழு விலை கொடுத்துப் பதிவு செய்தவர்களும் அதே விலையைக் கேட்பார்கள். விடுதியின் மதிப்பும் இறங்கும். பெயரை மறைத்து விற்றால் அறையும் போகும், வெளி விலையும் அப்படியே நிற்கும். இதற்காக விடுதி ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குறைந்தபட்ச விலையைக் கணினியில் முன்கூட்டியே ஏற்றி வைக்கிறது; நீங்கள் கேட்ட விலையை அதனோடு ஒப்பிடுவது ஒரு நிரல்தான். விடுதி மேலாளர் ஒருவர் உட்கார்ந்து உங்கள் கேட்பைப் பரிசீலிக்கிறார் என்ற எண்ணத்தில் பேரம் பேசுவதால் பயனில்லை.

இரண்டு வகை ஏலங்களுக்கும் உத்தி நேர் எதிரானது என்பதையும் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டும். பலர் போட்டியிடும் இணைய ஏலங்களில் நம் உச்ச விலையைப் பதிந்துவிட்டால், போட்டியாளரின் கேட்பை விடச் சற்றே கூடுதலான தொகையைத்தான் தளம் நமக்காகக் கேட்கும். எனவே நமக்கு அது எவ்வளவு பெறுமோ அதை ஒரே முறையில் சொல்லிவிட்டு ஒதுங்குவது சரி. இரண்டாவது விலையே வெல்பவர் கட்டும் விலை என்றால் உண்மையான மதிப்பைச் சொல்வதே சிறந்த உத்தி என்று வில்லியம் விக்ரே 1961இல் காட்டினார்; அவருக்கு 1996இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. விலையை நாமே சொல்லும் முறையில் இந்தப் பாதுகாப்பு இல்லை. விடுதியின் மறைவான விலை 50 ஆக இருக்கும்போது நீங்கள் 70 கேட்டால் 70தான் கட்டுவீர்கள். மீதியை யாரும் திருப்பித் தருவதில்லை. அதனால்தான் அங்கே கீழிருந்து படிப்படியாக ஏற வேண்டியிருக்கிறது.

முதலில் நிலப்படம்

நல்ல இடம் என்பது எல்லோருக்கும் ஒன்றல்ல. நகரத்தின் நடுவில் இருப்பதால் மட்டும் ஒரு விடுதி நல்ல இடத்தில் இருப்பதாகாது. நீங்கள் உண்மையில் போகவிருக்கும் மூன்று நான்கு இடங்களை நிலப்படத்தில் குறியுங்கள். காலையில் முதலில் எங்கே போக வேண்டும், இரவில் கடைசியாக எங்கிருந்து திரும்புவீர்கள் என்ற இரண்டையும் தனியாகக் குறியுங்கள். பகலில் நாம் எங்கெங்கோ சுற்றுவோம். விடுதியின் இடம் நமக்கு உதவுவதோ தொல்லை தருவதோ இந்த இரண்டு பயணங்களில்தான். பெட்டியோடு வரும் நாளும் கிளம்பும் நாளும் இதே கணக்கில் சேர்பவை.

தூரத்தை நிமிடங்களாக மாற்றிப் பாருங்கள். ஜப்பானில் வீட்டு விளம்பரங்களில் 80 மீட்டர் சாலைத் தூரத்தை ஒரு நிமிட நடையாகக் கணக்கிட வேண்டும் என்பது விதி. யாருக்கும் பயன்படக்கூடிய எளிய அளவுகோல் அது. அதன்படி 800 மீட்டர் என்றால் பத்து நிமிடம். ஆனால் நிலப்படத்தில் அளவுகோலை வைத்து எடுக்கும் நேர்க்கோட்டுத் தூரத்தை நம்பக் கூடாது. குறுக்கே ஓர் ஆறோ ரயில் பாதையோ விரைவுச் சாலையோ இருந்தால் அடுத்த பாலம் வரை போய்த் திரும்பி வர வேண்டியிருக்கும். நியூயார்க்கின் மன்ஹாட்டனில் வடக்கு தெற்காக 20 தெருக்களைக் கடந்தால் ஏறத்தாழ ஒரு மைல். கிழக்கு மேற்காக அவென்யூக்களுக்கு இடையிலுள்ள தூரமோ அதைப் போலப் பல மடங்கு. ஐந்து தெரு தள்ளி என்பதும் ஐந்து அவென்யூ தள்ளி என்பதும் ஒன்றல்ல என்பது அங்கே கால் வலித்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது.

ரயில் நிலையம் அருகில் இருப்பது நல்லதுதான். ஆயினும் எந்தத் தடத்தின் நிலையம் என்பதே முக்கியம். ஐந்து நிமிட நடையில் ஒரு நிலையமும் பத்து நிமிட நடையில் இன்னொன்றும் இருந்து, நீங்கள் போகவேண்டிய இடத்துக்கு இரண்டாவதிலிருந்து மாறாமல் போக முடியும் என்றால் அந்த இரண்டாவது நிலையமே உங்கள் நிலையம். கடைசி வண்டி எத்தனை மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை அந்தத் தடம் ஓடுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாரிஸின் லா தெஃபான்ஸ் நகர எல்லைக்கு வெளியே இருக்கும் அலுவலகப் பகுதி. ஆனால் மெட்ரோவின் முதல் தடம் அங்கே தொடங்கி லூவ்ர் அருங்காட்சியகம் வழியாக ஊரைக் குறுக்கே கடந்து போகிறது. நிலப்படத்தில் தொலைவாகத் தெரியும் அந்த இடம், நகர நடுவில் இருந்தாலும் ரயில் இல்லாத ஒரு மூலையை விட வசதியாக அமையலாம்.

ஊரின் பெயரையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. சிகாகோவின் ஓஹேர் விமான நிலையம் நகர எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 27 கிலோமீட்டர் தள்ளி. வெனிஸ் என்று தேடினால் நிலத்தின் பக்கம் உள்ள மெஸ்த்ரேயின் விடுதிகளும் வரும். மெஸ்த்ரேவும் வெனிஸ் நகராட்சியைச் சேர்ந்ததே. அங்கிருந்து ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் தீவுக்குப் போய்விடலாம் என்பதும் உண்மையே. ஆனால் கால்வாய்க் கரையில் கண்விழிக்க நினைத்து ஏலம் கேட்டவருக்கு அந்த விளக்கம் ஆறுதலாகாது.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகு வட்டார எல்லைகளுக்கு வரலாம். ஒவ்வொரு தளமும் நகரத்தைத் தன் விருப்பப்படி வட்டாரங்களாக வெட்டி வைத்திருக்கிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் எல்லை தளத்துக்குத் தளம் வேறுபடும். ஒரே தளமும் எல்லையை அவ்வப்போது மாற்றி வரையும். எனவே பெயரைப் படிப்பதோடு நிற்காமல், நிலப்படத்தைப் பெரிதாக்கி, எந்தத் தெருவில் கோடு போகிறது என்று பார்க்க வேண்டும். சென்ற முறை பார்த்தோமே என்று இந்த முறை விட்டுவிடவும் கூடாது.

அடுத்து நான் செய்யும் ஒரு வேலையைக் கடைக்கோடிச் சோதனை என்று அழைக்கிறேன். வழக்கமான பதிவுத் தளம் ஒன்றில் அந்த வட்டாரத்தைத் திறந்து, உங்களுக்கு வேண்டிய நட்சத்திரத் தரத்திலும் அதற்கு மேலும் உள்ள விடுதிகள் அனைத்தையும் நிலப்படத்தில் காட்டச் சொல்லுங்கள். அவற்றில் மிக மோசமான இடத்தில் இருப்பதைத் தேடுங்கள். அந்த விடுதியே உங்களுக்குக் கிடைத்தாலும் பொறுத்துக்கொள்வீர்கள் என்றால் வட்டாரத்தைச் சேருங்கள். இல்லையென்றால் அங்கே எத்தனை நல்ல விடுதிகள் இருந்தாலும் விட்டுவிடுங்கள். இது அளவுக்கு மீறிய அச்சம் அன்று. வட்டாரத்தின் நல்ல இடத்தில் இருக்கும் விடுதிகள் வெளி விலையிலேயே நிரம்பிவிடுகின்றன. ஓரத்தில் கிடக்கும் விடுதிகளில்தான் அறைகள் மிஞ்சும். மிஞ்சுவதால் அவைதான் மறைவான விலையை அதிகம் இறக்கி வைக்கும். எனவே உங்கள் குறைந்த கேட்பு முதலில் போய் ஒட்டுவதற்கு வாய்ப்புள்ள இடம் அந்தக் கடைக்கோடியே.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். நான் விரும்பிய வட்டாரத்தில் கேட்பு நிராகரிக்கப்பட்டபோது, எல்லை தொட்டுக்கொண்டிருக்கிறதே என்று பக்கத்து வட்டாரத்தையும் சேர்த்தேன், உடனே ஏற்றுக்கொள்ளப்பட்டது. கிடைத்த விடுதி அந்தப் பக்கத்து வட்டாரத்தின் மறு ஓரத்தில், ஒரு விரைவுச் சாலைக்கு அப்பால் இருந்தது. சன்னலிலிருந்து பார்த்தால் ரயில் நிலையத்தின் கூரை தெரிந்தது. நடந்து போகப் பாதை இல்லை. மூன்று நாள் வாடகை வண்டிக்குக் கொடுத்ததைக் கூட்டிப் பார்த்தபோது, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கணக்காகிவிட்டது.

நட்சத்திரம்

நட்சத்திரத் தரத்துக்கு உலகம் முழுவதற்குமான ஒரே அளவுகோல் இல்லை. சில நாடுகளில் அதற்கென முறையான அமைப்பு மதிப்பிடுகிறது. விற்பனைத் தளங்களோ தம் சொந்த மதிப்பீட்டைப் போட்டுக்கொள்கின்றன. ஒரு தளத்தில் மூன்றரை நட்சத்திரமாக இருப்பது இன்னொன்றில் நான்காக இருப்பது சாதாரணம். கடைக்கோடிச் சோதனையைச் செய்யும்போது, நீங்கள் ஏலம் கேட்கப்போகும் தளம் தரும் நட்சத்திரத்தையே பார்க்க வேண்டும். நட்சத்திரம் கூடினால் இடமும் கூடும் என்று எண்ணுவதும் தவறு. விமான நிலையங்களைச் சுற்றி நான்கு நட்சத்திர விடுதிகள் நிறைய உண்டு. இடமா தரமா என்ற நிலை வந்தால் நான் நட்சத்திரத்தில் ஒன்றை இறக்குவேனே தவிர வட்டாரத்தைத் தளர்த்த மாட்டேன்.

உச்சவரம்பைக் கணக்கிடுதல்

இப்போதுதான் விலைக்கு வருகிறோம். ஏலம் என்று ஒன்று இல்லாவிட்டால் அந்த வட்டாரத்தில் நீங்கள் எந்த விடுதியை வெளிப்படையாகப் பதிவு செய்வீர்களோ, அதன் மொத்த விலையை வரி, கட்டணங்கள் எல்லாம் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதை 100 என்று வைப்போம். இது விரும்பினால் ரத்து செய்துகொள்ளக்கூடிய விலை. அதே அறையின் ரத்து செய்ய முடியாத விலை 90 என்றால், நம் ஏலத்தை ஒப்பிட வேண்டியது 90உடன்தான். ஏலத்திலும் ரத்து கிடையாது. 100உடன் ஒப்பிட்டுச் சேமிப்பைக் கணக்கிடுபவர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கிறார். அடுத்து, விடுதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதற்கும், கட்டில் வகை உறுதியில்லாததற்கும், விடுதிக் குழுமங்களின் வாடிக்கையாளர் புள்ளிகள் பொதுவாகக் கிடைக்காததற்கும் ஒரு தொகையைக் கழியுங்கள். எவ்வளவு என்பது ஆளைப் பொறுத்தது. 15 கழித்தால் 75 மிஞ்சும். அதற்கு மேல் ஒரு காசும் தரக் கூடாது.

அந்த 75ஐ அப்படியே ஏலப் பெட்டியில் போடவும் கூடாது. பல தளங்களில் நாம் சொல்வது வரிக்கு முந்திய ஓர் இரவு விலை. வரியும் சேவைக் கட்டணமும் அதன் மேல் ஏறும். ஏறுவது 20 விழுக்காடு என்றால், 75ஐ 1.2ஆல் வகுக்க வேண்டும். அப்படியானால் உங்கள் கேட்பின் உச்சம் 62.5. இதைத் தவிர ரிசார்ட் கட்டணம், வசதிக் கட்டணம் என்ற பெயர்களில் விடுதியே வரவேற்பு மேசையில் தனியாக வாங்கும் தொகையும் உண்டு. அமெரிக்காவில் குறுகிய காலத் தங்குமிடங்கள் தவிர்க்க முடியாத எல்லாக் கட்டணங்களையும் சேர்த்தே விலையைக் காட்ட வேண்டும் என்ற கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதி 2025 மே 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசு விதிக்கும் வரிகளை அங்கேயும் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால், பணம் கட்டும் கடைசிப் பக்கத்தின் மொத்தத் தொகையைப் படிக்காமல் எந்த ஊரிலும் பொத்தானை அழுத்தாதீர்கள். வேற்று நாட்டு நாணயத்தில் கட்டுகிறீர்கள் என்றால் அட்டை வழங்கிய வங்கியின் மாற்றுக் கட்டணத்தையும் சேருங்கள்.

ஏலத்தைத் தொடங்கும் முன் ரத்து செய்யக்கூடிய ஒரு சாதாரணப் பதிவைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. வேறு வழியில்லை என்ற நிலையில் கேட்பவர் உச்சவரம்பைத் தாண்டிவிடுவார். கையில் ஓர் அறை இருப்பவர் நின்றுவிடுவார். அந்தப் பதிவை ரத்து செய்ய எந்த நாள், எத்தனை மணி வரை நேரம் இருக்கிறது என்பதை விடுதி இருக்கும் ஊரின் நேரப்படி குறித்து வையுங்கள்.

படிப்படியாக ஏறுதல்

விலையை நாமே சொல்லும் தளங்களில் ஒரு கேட்பு நிராகரிக்கப்பட்டால் உடனே விலையை மட்டும் உயர்த்தி மறுபடி கேட்க விடமாட்டார்கள். பிரைஸ்லைனின் பழைய முறையில் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அல்லது வட்டாரத்தையோ நட்சத்திரத்தையோ நாளையோ மாற்ற வேண்டும். இந்த விதியிலிருந்துதான் பயணிகள் ஓர் அழகான வழியைக் கண்டுபிடித்தார்கள். இதே போன்ற விதி உள்ள எந்தத் தளத்திலும் அது செல்லும்.

உங்களுக்கு மைய வட்டாரத்தில் நான்கு நட்சத்திர விடுதி வேண்டும். அதே நகரத்தின் வேறு இரண்டு வட்டாரங்களில் மூன்று நட்சத்திரத்துக்கு மேல் எதுவுமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த வட்டாரங்களை உங்கள் கேட்பில் சேர்த்தாலும், நான்கு நட்சத்திரம் வேண்டும் என்று நீங்கள் சொல்லியிருப்பதால் அங்கே கிடைக்க ஒன்றுமில்லை. ஆனால் தளத்தின் பார்வையில் அது புதிய கேட்பு. முதலில் மையம் மட்டும். அடுத்து மையமும் முதல் வெற்று வட்டாரமும். பிறகு மையமும் இரண்டாவது வெற்று வட்டாரமும். கடைசியில் மூன்றும் சேர்த்து. ஆக ஒரே நாளில் நான்கு முறை கேட்கலாம். வெற்று வட்டாரங்கள் மூன்று இருந்தால் எட்டு முறை. ஒவ்வொரு முறையும் விலையைச் சற்று ஏற்றிக்கொண்டே போகலாம்.

இந்த வழியில் ஒரு கண்ணி இருக்கிறது. நான்கு நட்சத்திரம் என்பது குறைந்தபட்சத் தரம். அதற்கு மேற்பட்டதையும் தளம் தரலாம். ஆகவே வெற்று வட்டாரம் என்றால் நான்கு மட்டுமன்றி நான்கரையும் ஐந்தும்கூட அங்கே இருக்கக் கூடாது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்த ஒரே ஒரு பெரிய விடுதி போதும், உங்கள் வெற்று வட்டாரம் வெற்றாக இல்லாமல் போய்விடும். கேட்கும் நாளன்றே மறுபடி சரிபார்க்க வேண்டும்.

தொடக்க விலையை எங்கே வைப்பது என்பதற்கு உறுதியான விதி இல்லை. வெளி விலையில் பாதியை ஒட்டித் தொடங்கி, எத்தனை முறை கேட்க முடியும் என்பதைப் பார்த்து, உச்சவரம்புக்கும் தொடக்கத்துக்கும் இடையிலுள்ள தொகையை அத்தனை படிகளாகப் பிரித்துக்கொள்வதே என் வழக்கம். இடையில் இன்னும் இவ்வளவு கூட்டினால் கிடைக்கும் என்று தளம் ஒரு தொகையைச் சொல்லலாம். அந்தத் தொகை உங்கள் உச்சவரம்புக்குள் வருகிறதா என்பதை மட்டும் பாருங்கள். அவசரப்படுத்தும் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். உச்சவரம்பை ஒரு தாளில் எழுதி எதிரே வைத்துக்கொள்வது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஐந்தாவது நிராகரிப்புக்குப் பிறகு அந்தத் தாள்தான் காப்பாற்றும்.

மறைந்த பெயரைத் தேடுதல்

பெயர் மறைத்த விலைத் தளங்களில் ஏறுவதற்குப் படி இல்லை. அங்கே துப்பறியும் வேலைதான். பெயரைத் தவிர மற்றவற்றைத் தளம் காட்டத்தான் செய்கிறது: வட்டாரம், நட்சத்திரம், விருந்தினர் மதிப்பெண், நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், வாகன நிறுத்தம் போன்ற வசதிகளின் பட்டியல், சில வேளைகளில் அடித்துக் காட்டப்பட்ட பழைய விலை. அதே தளத்தின் பெயர் தெரியும் பக்கத்தில் அதே நாளுக்கு அதே வட்டாரத்தையும் நட்சத்திரத்தையும் வடிகட்டினால் பட்டியல் சில விடுதிகளாகச் சுருங்கும். வசதிகளை ஒன்றொன்றாக ஒப்பிடுங்கள். பல விடுதிகளில் இருப்பவற்றை விட்டுவிட்டு, அரிதான ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: சமையலறை உள்ள அறை, செல்லப்பிராணிகளுக்கு அனுமதி, இலவசமாக விமான நிலையத்துக்குப் போய்வரும் வண்டி. இந்தக் கடைசி வசதி பட்டியலில் இருந்தால், நடு நகரம் என்று தளம் சொன்னாலும் நிலப்படத்தை இன்னொரு முறை பார்ப்பது நலம்.

ஒப்பீட்டில் ஒரே ஒரு விடுதி மிஞ்சினாலும் அது ஊகம்தான். படங்கள் பொதுவானவையாக இருக்கலாம். வசதிப் பட்டியல் பழையதாக இருக்கலாம். மிஞ்சிய இரண்டு மூன்று விடுதிகளில் எது வந்தாலும் சரி என்ற நிலையில்தான் பணம் கட்ட வேண்டும். பிரைஸ்பிரேக்கர்ஸில் இந்த வேலை பாதியாகக் குறைந்துவிடுகிறது: காட்டப்படும் மூன்றில் இடத்தால் கடைசியாக இருப்பதை எடுத்துக்கொண்டு, அதற்கு அந்த விலை தகுமா என்று கேட்டால் போதும்.

நாளைத் தேர்ந்தெடுக்க முடிந்தவருக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. அலுவலகப் பகுதி விடுதிகள் வார நாட்களில் நிரம்பி வார இறுதியில் காலியாகின்றன. சுற்றுலாப் பகுதிகளில் பல வேளைகளில் இது தலைகீழ். ஞாயிறு இரவு பல நகரங்களில் எல்லாவற்றையும் விட மந்தமானது. பெரிய மாநாடோ விளையாட்டுப் போட்டியோ நடக்கும் வாரத்தில் ஏலத்தில் காலை விடுவது வீண். நிரம்பும் என்று தெரிந்த அறையை எந்த விடுதியும் மறைவாகக் குறைத்து விற்காது. மற்ற நாட்களில், பயணத்துக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன் ஒருமுறை பார்ப்பது பலன் தரும். இலவசமாக ரத்து செய்யும் கெடு முடியும் அந்த வேளையில், வேண்டாம் என்று பலர் விட்ட அறைகள் விடுதியின் கைக்குத் திரும்பி வருகின்றன.

இருவருக்கு மேல் ஒரே அறையில் தங்க வேண்டியவர்கள், இரண்டு தனிக் கட்டில்கள் கட்டாயம் தேவைப்படுபவர்கள், சக்கர நாற்காலி செல்லும் குளியலறை வேண்டியவர்கள், பயணத் தேதி இன்னும் உறுதியாகாதவர்கள் ஆகியோருக்கு இந்த முறை பொருந்தாது. ஏலத்தில் எடுக்கும் அறை பொதுவாக இருவருக்கானது. மற்றவையெல்லாம் கேட்டுப் பார்க்கலாம், உறுதி கிடைக்காது. தங்கல் சீட்டை ஏலத்தில் எடுப்பவர்கள் அது எந்த நாட்களில் செல்லாது, எப்போது காலாவதியாகும், பெயர் மாற்றலாமா என்பவற்றை ஏலம் கேட்பதற்கு முன்பே படிக்க வேண்டும். விடுதியை நேரடியாக அழைத்து, நீங்கள் நினைக்கும் நாளில் அந்தச் சீட்டுக்கு அறை கொடுப்பார்களா என்று விசாரிப்பது இன்னும் பாதுகாப்பானது.

கிடைத்த பிறகு

பெயர் வெளிப்பட்டதும் முதல் வேலையாக விடுதியிலிருந்து நீங்கள் குறித்து வைத்த இடங்களுக்கு நடைபாதை வழியைப் பாருங்கள். எந்த வாயில் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதுகூடப் பெரிய விடுதிகளில் ஐந்து நிமிட வேறுபாட்டை உண்டாக்கும். பிறகு, கையில் வைத்திருந்த சாதாரணப் பதிவை அன்றே ரத்து செய்து, ரத்தானதற்கான உறுதி எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். ஏலத்தில் வென்ற மகிழ்ச்சியில் இதை மறந்து இரண்டு அறைகளுக்கும் பணம் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு நாள் கழித்து விடுதியை அழைத்து உங்கள் பெயர் அவர்களுடைய கணினியில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். கட்டில் வகை, மேல் தளம், மின்தூக்கியிலிருந்து தள்ளிய அறை போன்றவற்றை அப்போது பணிவாகச் சொல்லி வைக்கலாம். ஏலத்தில் எடுத்த அறைகள் பெரும்பாலும் கடைசியாகத்தான் ஒதுக்கப்படும் என்பதால், முன்கூட்டி அழைப்பவருக்கு ஓரளவு நல்லது நடக்கிறது. விடுதியில் கட்டடப் பணி நடந்து பாதி வசதிகள் மூடிக் கிடந்தாலோ, தளம் சொன்ன வசதி அங்கே இல்லாவிட்டாலோ, முறையிட வேண்டியது வரவேற்பு மேசையில் அல்ல, பணம் வாங்கிய தளத்திடம். படங்களோடு அன்றே எழுதினால் பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

சென்று சேரும்போது அடையாள அட்டையோடு, அதே பெயரிலுள்ள கடன் அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். அறை வாடகை முன்பே கட்டப்பட்டிருந்தாலும், இதரச் செலவுகளுக்கு ஈடாக விடுதி ஒரு தொகையை அட்டையில் நிறுத்தி வைக்கும். அறையைக் காலி செய்த பிறகு அது விடுபடச் சில நாட்கள் ஆகலாம். டெபிட் அட்டை கொடுத்தால் அந்த நாட்களில் உங்கள் சொந்தப் பணமே முடங்கிக் கிடக்கும் என்பதால், இந்த ஓரிடத்தில் கடன் அட்டையை நீட்டுவதே மேல்.